கிள்ளான் மண்ணின் கோப்பி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இரண்டு விதமான கோப்பி கிடைக்கும். டபரா செட்டில் நுரை தளும்ப வரும் ஃபில்டர் காபி ஒன்று. கெட்டிப் பால் அடியில் தேங்கி, மேலே கருகருவென்று நிற்கும் கண்ணாடிக் கோப்பைக் கோப்பி இன்னொன்று. முன்னதன் தூள் தமிழ்நாட்டிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ கப்பலேறி வருகிறது. பின்னதன் கொட்டை பெரும்பாலும் வியட்நாமிலோ இந்தோனேசியாவிலோ விளைந்தது. இங்கே விளைந்த கோப்பியைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

ஆனால் கிள்ளானிலிருந்து காஜாங் வரை இந்த மண் ஒரு காலத்தில் கோப்பி மண். ரப்பருக்கு முன்பும் செம்பனைக்கு வெகு முன்பும், சிலாங்கூர்த் தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டன்களைக் கொண்டுவந்து இறக்கிய பயிர் கோப்பிதான். பால்மரக் கதைகள் நம்மிடம் ஏராளம். கோப்பிக் கதையைச் சொல்ல வீட்டுக்கு ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

இந்தக் கதையின் முதல் பாதி இலங்கையில் நடந்தது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சானது. கோப்பிப் பயிர்த்தொழிலைக் கும்மி மெட்டில் சொன்ன தமிழ் நூல் அது. அந்தத் தொழில் அப்போது அவ்வளவு செழிப்பாக இருந்தது. அதே 1869இல்தான் இலங்கைத் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுத் தூளாகப் படியும் பூஞ்சை. இலை உதிரும், கிளை மொட்டையாகும், காய்ப்பு வற்றும். இருபது ஆண்டுக்குள் இலங்கையின் அராபிக்கா கோப்பி அநேகமாக அழிந்து, மலைகளில் தேயிலை ஏறிவிட்டது. ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் போன தமிழர்கள் அதே மலையில் வேறு பயிருக்கு மாறினார்கள். கையிருப்பு கரைந்த துரைமார் சிலர் புது மண் தேடிக் கப்பலேறினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் மலாயாவும் ஒன்று.

அப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களில் தாமஸ் ஹெஸ்லாப் ஹில் முன்னோடி. சுங்கை ஊஜோங்கில் தோட்டம் போட்டவர், கோலாலம்பூரிலும் வெல்ட்ஸ் ஹில் என்ற கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். இலங்கையில் பட்ட அடி அவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது: இலைத்துருவுக்கு எளிதில் இரையாகும் அராபிக்கா வேண்டாம். அவர்கள் பெரிதும் நட்டது லைபீரிகா. மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காட்டு மரம். 1870களின் தொடக்கத்தில் லண்டன் கியூ தோட்டத்தின் வழியாக இலங்கைக்கு வந்து, அங்கிருந்து மலாயாவுக்கும் வந்தது. வெயில் தாங்கும், ஈரம் தாங்கும், கடலோரச் சதுப்பு நிலத்திலும் வேர் பிடிக்கும். கிள்ளானுக்கென்றே படைத்த பயிர் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

காலமும் ஒத்துழைத்தது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் இருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடியது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் கட்டிப் பாதை கிள்ளானுக்குள் வந்தது. ஈயத்துக்காகப் போட்ட தண்டவாளத்தில் கோப்பி மூட்டையும் ஏறியது. அந்தப் பாதையைப் போட்ட கைகளிலும் அதைப் பராமரித்த கைகளிலும் தமிழ்க் கைகள் பல. அவர்கள் குடியிருப்புகளைச் சுற்றித்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழர் ஊராக வளர்ந்தது. 1890களின் முதல் பாதியில் கோப்பி விலை உச்சத்தில் நின்றது. கிள்ளான் மாவட்டத்தில் காடு வெட்டாத மாதமில்லை. இன்று கேரித் தீவு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற பெயர், கோப்பிக் காலத்துத் தோட்டக்காரரான எட்வர்ட் வாலன்டைன் கேரியுடையது.

ஆள் பிடிக்கும் முறையும் இலங்கையிலிருந்தே வந்தது. வடக்கே கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது, இலங்கைப் பழக்கமுள்ள கோப்பித் துரைமார் கங்காணியை நம்பினார்கள். கங்காணி தன் ஊருக்குப் போவார், சொந்தத்திலும் சாதிசனத்திலும் ஆள் சேர்ப்பார், முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணமே கால்கட்டாகிவிடும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி அதற்குப் பிறகும் நெடுநாள் நின்றார்.

அந்த ஆட்கள் இறங்கிய இடம் நினைத்தாலே நெஞ்சு கனக்கும் இடம். புதிதாக வெட்டிய காடு, தேங்கிய நீர், கொசு. கிள்ளான் காய்ச்சலுக்குப் பேர்போன மாவட்டம். 1901இல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில வாரங்களுக்குள் மலேரியாவால் அதை மூடிவிடலாமா என்று யோசிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, கொசு வளரும் நீரை ஒழித்துக் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். உலகமே பின்னால் எடுத்துக்காட்டாகக் கொண்ட வேலை அது. ஆனால் கோப்பிக் காலம் அதற்கு முந்தியது. லயத்தில் சாய்ந்தவர்களுக்கு வாட்சனின் வாய்க்கால் வரும்வரை காத்திருக்க ஆயுள் இருக்கவில்லை.

பிறகு விலை விழுந்தது. காரணம் கிள்ளானில் இல்லை, பிரேசிலில் இருந்தது. அங்கே 1888இல் அடிமை முறை ஒழிந்தபின் இத்தாலியக் குடியேறிகளைக் கொண்டு சாவ் பாவ்லோவில் பெருவாரியாக நட்ட கன்றுகள் 1890களின் நடுவில் காய்ப்புக்கு வந்தன. 1896 முதல் உலகச் சந்தையே கோப்பியில் மூழ்கியது. போதாததற்கு, கண்ணாடி இறகுள்ள ஓர் அந்துப்பூச்சியின் பச்சைப் புழு சிலாங்கூர்த் தோட்டங்களை இலை விடாமல் மேய்ந்தது. தப்பிக்க ஒரு வழி கையருகே இருந்தது. காஜாங் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவிலேயே ரப்பர் நட்டிருந்தார்கள். மற்றவர்களும் கோப்பி வரிசைகளுக்கு நடுவே ரப்பர்க் கன்று வைத்தார்கள். கன்று தலைதூக்கியதும் கோப்பியை வேரோடு பிடுங்கினார்கள். 1910 ஏப்ரலில் லண்டனில் ரப்பர் ஒரு பவுண்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ் விற்றது. அந்த விலையைப் பார்த்த பிறகு கோப்பியை யார் நினைப்பார்கள்?

செம்பனையின் கதைக்குள்ளும் கோப்பி கிடக்கிறது. கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகொனியே 1917இல் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. சரியாக வராத கோப்பிச் செடிகளுக்கு மாற்றாகவே அதை நட்டார். இந்த நாட்டின் இரண்டு பெரும் தோட்டப் பயிர்களும் கோப்பி பிடுங்கிய குழியில் கால் ஊன்றியவை என்றால் மிகையில்லை.

அத்தனை மாற்றத்திலும் நம் ஆட்களுக்கு மாறாதது ஒன்று. கோப்பி பறித்தவர் ரப்பர் வெட்டினார், ரப்பர் வெட்டியவர் மகன் செம்பனைக் குலை அறுத்தான். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு மாறவில்லை, லயம் மாறவில்லை, காலடி நிலம் மட்டும் ஒருநாளும் சொந்தமாகவில்லை.

கோப்பி முழுக்கச் சாகவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். கோல லங்காட், பந்திங், சபாக் பெர்ணம் பக்கக் கம்பங்களில் அது பிழைத்துக் கிடந்தது. ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் சின்ன நிலத்தில் தென்னையின் கீழும் பாக்கின் கீழும் கோப்பி வைத்தார்கள். பெருந்தோட்டம் கைகழுவிய மரத்தைச் சிறுதோட்டம் காப்பாற்றியது. பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னதாக ஒரு வறுப்பகம் நடத்தும் நண்பர், தோட்டக்காரத் தாத்தாவின் பேரன், கொட்டை தேடி அந்தக் கம்பங்களுக்குப் போகும்போது என்னையும் அழைத்துப் போவார். “அண்ணே, கோப்பையில இருந்து தேடினா ஒண்ணும் புரியாது. மரத்துல இருந்து வாங்க” என்பார்.

முதலில் பார்க்கும்போது அதைக் கோப்பிச் செடி என்று நம்புவது கஷ்டம். லைபீரிகா செடியே அல்ல, மரம். விட்டால் மூன்று மாடி உயரம் போகும். பறிக்க வசதியாகத் தலையை வெட்டி ஆளுயரத்தில் நிறுத்துகிறார்கள். இலை உள்ளங்கையைவிடப் பெரியது, தோல்போல் தடித்தது. பழமும் பெரியது. நண்பர் ஒரு பழத்தைப் பறித்துக் கட்டைவிரல் நகத்தால் கீறுவார். தோல் லேசில் கிழியாது. உள்ளே சதைப்பற்று ஒட்ட ஒட்ட இருக்கும், வாயில் போட்டால் பலாச்சுளை வாசம். கொட்டை ஒருபக்கம் கோணி, முனை கூர்ந்திருக்கும். அராபிக்காவைப்போல் ஒழுங்கான வடிவம் கிடையாது. இந்தத் தடித்த தோலும் சதையும்தான் விவசாயிக்கு வினை. பத்துக் கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறினால் பெரிது. அராபிக்காவில் ஐந்தாறு கிலோ பழத்திலேயே அது தேறிவிடும்.

பூத்து ஏறக்குறைய ஓராண்டு ஆகும் பழுக்க. ஒரே கிளையில் பூவும் பிஞ்சும் காயும் பழமும் ஒன்றாக நிற்கும். தரம் என்று சொல்வதெல்லாம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கிளையை ஒரே உருவாக உருவினால் கூடை சீக்கிரம் நிறையும், பாதி காயாக இருக்கும். சிவந்ததை மட்டும் பொறுக்கினால் அதே கூடைக்கு அரைநாள். அடுத்த வாரம் மறுபடி அதே மரத்துக்கு வர வேண்டும். நாங்கள் போன நிலத்தின் சொந்தக்காரர் பாக் சிக், எழுபதைத் தாண்டியவர். சிவந்ததை மட்டும் பறிக்கச் சொன்னதற்கு முதல் வருஷம் நண்பரைக் கோபித்துக்கொண்டாராம். ஆலைக்காரர் எல்லாவற்றையும் ஒரே விலைக்குத்தானே எடுக்கிறார், நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. காய்க்கும் பழத்துக்கும் ஒரே காசு என்றால் பழத்துக்காகக் காத்திருப்பவர் நஷ்டப்படுகிறார்.

ஆலைக்கும் போனோம். கம்பத்து ஓரத்தில் தகரக் கொட்டகை, உமி நீக்கும் இயந்திரம், கூரைவரை மூட்டை. பல நிலத்துப் பழம் உலர்ந்து வந்து ஒன்றாகக் கொட்டப்படுகிறது. தார்ப்பாயில் உலர்ந்தது, தார்ச்சாலை ஓரத்தில் உலர்ந்தது, மழையில் நனைந்து மறுபடி உலர்ந்தது எல்லாம் ஒரே குவியல். கையில் அள்ளிப் பார்த்தால் தெரியும்: பழுப்பு, பச்சை, கறுப்பு, உடைசல், பூசணம் பிடித்தது. பக்கத்துக் கொட்டகையில் அதை வறுத்து, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரிய பளபளப்பு ஏற்றுகிறார்கள். பால் சேர்க்காத நம் கோப்பி ஓவுக்கு அந்த நிறமும் கனமும் அப்படித்தான் வருகின்றன. அந்தக் கோப்பியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் அப்பா ஆயுள் முழுக்கக் குடித்தது அதுதான், துணிப்பையில் வடித்த அந்த வாசம் எங்கள் வீட்டுக் காலை. ஆனால் சர்க்கரையின் கருகலுக்குள் காயும் பழமும் ஒன்றாகிவிடுகின்றன. நல்லதாகப் பறித்தவரின் உழைப்பு அந்தக் கொப்பரைக்குள் காணாமல் போகிறது.

நண்பர் செய்வது எளிய வேலைதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆள் நிற்க வேண்டும். பறித்த பழத்தைப் பீப்பாய்த் தண்ணீரில் கொட்டுகிறார். மிதப்பது சொத்தை, அதைத் தள்ளிவிடுகிறார். மூழ்கியதைத் தரையில் போடாமல், வலை கட்டிய மேடையில் பரப்புகிறார். மேலே பிளாஸ்டிக் கூரை, ஏனென்றால் கிள்ளான் கரையில் மத்தியான மழை சொல்லிக்கொண்டு வராது. தோலோடு காயவைத்தால் மூன்று நாலு வாரம். நாளுக்குப் பலமுறை கிளறாவிட்டால் அடியில் பூசணம். ஈரம் 11, 12 சதவீதத்துக்கு வரும்வரை உமி நீக்கக் கூடாது. பாக் சிக்கின் மருமகள்தான் கிளறுகிறவர். கையால் ஒரு பிடி எடுத்துக் குலுக்கி, சத்தத்தைக் கேட்டே எத்தனை நாள் பாக்கி என்று சொல்லிவிடுகிறார். நண்பர் ஈரமானியை வைத்துப் பார்த்தார், அவர் கணக்குச் சரியாக இருந்தது.

அந்தக் கொட்டையை மிதமாக வறுத்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் நண்பர் ஊற்றிக் கொடுத்தபோது வாசத்திலேயே பலாப்பழம் தெரிந்தது. ஆறிய பிறகு வெல்லம் மாதிரி ஓர் இனிப்பு நாக்கில் நின்றது. லைபீரிகா என்றால் கரடுமுரடு என்று நூறாண்டாகச் சொல்லிவந்ததற்குப் பாதிக் காரணம் பறிப்பும் உலர்த்தலும்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். விஞ்ஞானிகளும் இதன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2022இல் கியூ தோட்டத்தின் ஆரன் டேவிஸ் குழு, சூடேறும் உலகில் லைபீரிகா மீண்டும் பெரும் பயிராக எழக்கூடும் என்று ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் எழுதியது. 1870களில் இதே கியூ தோட்டம் வழியாகக் கீழைநாடுகளுக்கு வந்த மரம். மார்டி எனும் நம் வேளாண் ஆய்வு நிலையமும் எம்கேஎல் என்ற வரிசையில் நல்ல ஒட்டுரகங்களை வெளியிட்டிருக்கிறது.

கோப்பை ருசிக்கிறது. ஆனால் அந்தக் கம்பங்களிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஒன்று மனத்தை உறுத்துகிறது. பறிப்பவர், உலர்த்துபவர், ஆலைக்காரர் என்று நாங்கள் பார்த்த முகங்களில் தமிழ் முகம் ஒன்றுகூட இல்லை. வாங்க வந்த நாங்கள் மட்டுமே தமிழர்கள். இது சோம்பலாலோ ஆர்வக்குறைவாலோ வந்ததல்ல. 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. கம்பத்து நிலம் அதன் காப்பில் நின்றது. தோட்டத்து நிலம் கம்பெனியுடையது. லயத்தில் இருந்தவர் இரண்டுக்கும் வெளியே. 1950களில் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த நேரத்தில்தான், இன்று அந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலைக்குப் பெயராக இருக்கும் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. மரம் வெட்டிய கைகள் சேர்த்த காசில் வாங்கிய நிலம். நம் சமூகம் செய்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாக நான் இதை மதிக்கிறேன். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பெரும்பாலும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போய்விட்டன. கோப்பி விளைந்த கிள்ளானில் நாம் இன்று அடுக்குமாடியில் இருந்துகொண்டு கோப்பி குடிக்கிறோம்.

அண்மையில் கோப்பி விலை மறுபடி ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிக்கா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 1977இன் உச்சத்தையும் மிஞ்சிய விலை. காரணம் பிரேசிலின் வறட்சி. 1896இல் அங்கே விளைச்சல் பெருகி இங்கே தோட்டம் அழிந்தது. இம்முறை அங்கே விளைச்சல் குன்றி இங்கே கம்பத்தில் கன்று தேடினார்கள். பாக் சிக்கின் பக்கத்து நிலத்துக்காரர் கோப்பியைப் பிடுங்கி டுரியான் வைக்கப் பேசிக்கொண்டிருந்தவர், அந்த யோசனையை நிறுத்திவைத்தார்.

போன பறிப்பின்போது பாக் சிக் நண்பரைத் தென்னை நிழலில் உட்காரவைத்து நேராகக் கேட்டார்: “விலை ஏறும்போது எல்லாரும் வருவார்கள். இறங்கினால் நீ வருவாயா?” நண்பர் அதற்கு வாய்ப்பேச்சாகப் பதில் சொல்லவில்லை. சிவந்த பழத்துக்கு மூன்று வருஷத்துக்கான அடிவிலையை எழுதி நீட்டினார். சந்தை அதற்கு மேலே போனால் கூட்டித் தருவது, கீழே போனாலும் அதைவிடக் குறைப்பதில்லை. கிளறுகிறவருக்குத் தனிக் கூலி, அது மாமனார் கைக்குப் போகாமல் மருமகள் கைக்கே போக வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. பாக் சிக் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, காகிதத்தை அவரிடமே கொடுத்தார். அவர் படித்து முடித்துவிட்டு, வலை மேடை இன்னும் இரண்டு வேண்டும், மழைக்காலத்துக்கு முன்பே வேண்டும் என்றார்.